சோலோ மணிகளை வீணாக்காமல் பறப்பது எப்படி: மாணவ பைலட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதல் சோலோ (இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பது) முடிந்து, தலையில் தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்துக்கொண்டதற்கு அடுத்த வாரமே ஒரு தேக்கம் ஆரம்பிக்கும். டூயலில், அதாவது இன்ஸ்ட்ரக்டருடன், பறக்கும்போது இன்று என்ன பாடம் என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்லிவிடுவார். சோலோவில் புரோகிராம் ஷீட்டில் 'சர்க்யூட், ஒரு மணி' என்று மட்டும் இருக்கும். மாணவரும் ஏறுவார், ஓடுதளத்தைச் சுற்றுவார், இறங்குவார். லாக்புக் நிரம்பும். அறுபதாவது மணியில் பறந்தது போலவேதான் தொண்ணூறாவது மணியிலும் பறந்துகொண்டிருப்பார்.

இந்தியாவில் ஒரு மணி நேரப் பறத்தலுக்குப் பல ஆயிரம் ரூபாய். அப்பா வீட்டை அடமானம் வைத்துக் கட்டிய பணம் அது. டூயல் மணியில் அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்க பக்கத்தில் ஓர் ஆள் உண்டு. சோலோவில் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இந்த வழிகாட்டி முழுக்க நான் வற்புறுத்தப்போவது ஒரே விஷயம்: ஒரு சார்ட்டிக்கு (ஒரு பயிற்சிப் பறப்புக்கு) ஒரு வேலை, அந்த வேலைக்கு ஓர் எண், அந்த எண் இறங்கியதும் இன்ஸ்ட்ரக்டர் கண்ணில் பட வேண்டும். உதாரணங்கள் செஸ்னா 172எஸ் விமானத்துக்கும் தமிழ்நாட்டு வானத்துக்கும் பொருந்துபவை. உங்கள் பள்ளியில் 152 அல்லது டிஏ40 என்றால் எண்களை அந்த விமானத்தின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மொத்தக் கணக்கு

சிபிஎல்-க்கு (வணிக பைலட் உரிமம்) இந்திய விமான ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கேட்பது 200 மணி. அதில் 100 மணி பைலட்-இன்-கமாண்ட், அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பும் உங்களுடையது; சோலோ மணிகள் இதில்தான் சேரும். அந்த நூறில் 20 மணி கிராஸ்-கன்ட்ரி (ஒரு தளத்திலிருந்து வேறு தளத்துக்குப் பறப்பது). அதிலும் ஒரு பயணம் 300 நாட்டிக்கல் மைலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், இரண்டு வேறு விமானத்தளங்களில் ஃபுல் ஸ்டாப், அதாவது இறங்கி முழுசாக நிற்க வேண்டும். இவை தவிர 10 மணி இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது). அதில் 5 மணி வரை சிமுலேட்டரில் எடுக்கலாம். இரவில் 5 மணி, பத்து டேக்-ஆஃப், பத்து லேண்டிங்.

ஒரு தாளில் நூறு கட்டம் போட்டு, கிராஸ்-கன்ட்ரிக்கு இருபதை ஒதுக்கினால் எண்பது மிஞ்சும். அந்த எண்பதில்தான் விரயம் நடக்கிறது. அதைச் சர்க்யூட், பயிற்சிப் பகுதி, குறுக்குக் காற்று, வேறு தளங்கள் என்று முன்பே பிரித்து இன்ஸ்ட்ரக்டரிடம் காட்டுங்கள். அவர் அடித்துத் திருத்துவார், திருத்தட்டும்.

மணியைக் கூட்டி எழுதும் ஆசையைப் பற்றி இரண்டு வரி. 2011-ல் போலிச் சான்றிதழ்களும் பறக்காத மணிகளும் வெளியே வந்து பைலட்டுகள் கைதான கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பேனாவால் பறந்த மணி ஏர்லைன் சிமுலேட்டர் தேர்வில் முதல் பத்து நிமிடத்தில் பல்லைக் காட்டிவிடும்.

முந்தின நாள் மாலை

நாளைய சார்ட்டிக்கு ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். 'நன்றாக லேண்ட் பண்ணணும்' என்பதெல்லாம் வேலை ஆகாது. 'ஃபைனலில் 65 நாட், கூடவோ குறையவோ 5-க்குள்' என்றால் வேலை. (ஃபைனல் என்பது ஓடுதளத்துக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பகுதி; நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்.) அதை நீபோர்டில் (தொடையில் கட்டும் எழுதுபலகை) வைக்கும் அட்டையில் மேலே எழுதிவிடுங்கள்.

பிறகு இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்க வேண்டியது: எதற்கெல்லாம் எனக்கு அனுமதி? எஸ்பிஎல் (மாணவ பைலட் உரிமம்) வைத்திருப்பவர் எப்போதும் இன்ஸ்ட்ரக்டரின் அனுமதியிலும் மேற்பார்வையிலும்தான் பறக்கிறார். விஎஃப்ஆர் (வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் விதி) மட்டும். பயணி ஏற்றக்கூடாது, நண்பனைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து ஒரு சுற்று என்பது நினைப்பில்கூட வேண்டாம். ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது), ஸ்பின் (அதோடு சுழன்று விழுவது), பொய்யாக இன்ஜினை அடைத்துத் தாழ இறங்குவது போன்றவற்றை அதற்கென்று கையெழுத்து வாங்காமல் தனியாகச் செய்யவே கூடாது. டூயலில் ஒருமுறை சரியாக வந்துவிட்டது என்பது போதாது. அன்றைக்கு இன்னொருவரின் கையும் கன்ட்ரோலுக்குப் பக்கத்தில் இருந்தது.

எல்லைகளைத் தரையிலேயே எழுதிவிடுங்கள்

மேலே போனபின் எல்லை வகுத்தால் அது நகர்ந்துகொண்டே போகும். 'இன்னும் ஒரே ஒரு சர்க்யூட்' என்று சொல்ல வைப்பது அந்த நகர்வுதான். ஆகவே அட்டையில் நான்கு வரி இருக்கட்டும்: காற்று, பார்வைத்தூரம், மேக உயரம், திரும்ப வேண்டிய நேரம்.

காற்றை எடுத்துக்கொள்வோம். 172எஸ்-ஸில் செய்து காட்டப்பட்ட அதிகபட்சக் குறுக்குக் காற்று 15 நாட். அது தேர்ந்த பைலட் செய்து காட்டியது, மாணவருக்கான இலக்கு இல்லை. தொடக்கத்தில் அதில் பாதியை எல்லையாக வைத்து, டூயலில் பழகிய அளவுக்கு ஒவ்வொரு நாட்டாக ஏற்றுங்கள். கணக்கு மனதிலேயே போடலாம். ஓடுதளத்துக்கு 30 டிகிரி சாய்வில் வீசினால் காற்றில் பாதி குறுக்கே வரும், 45 என்றால் பத்தில் ஏழு பங்கு, 60 என்றால் கிட்டத்தட்ட முழுசும்.

நம் ஊர் வானத்துக்கென்று ஒரு சுபாவம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேலைக்காற்று கோவைப் பக்கம் பிற்பகலில் வெளுத்து வாங்கும். சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்கெல்லாம் தரை சூடாகி விமானம் குலுங்க ஆரம்பிக்கும். மாலை மூன்றுக்கு மேல் இடிமேகம் எழலாம். துல்லியப் பயிற்சிக்கு அதிகாலை, குலுங்கலில் கை பழக முற்பகல். பிற்பகலை டூயலுக்கு விட்டுவிடுங்கள்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். சேலம் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி. அந்த உயரத்துக்குரிய நியம வெப்பநிலை 13 டிகிரி. வெளியே 38 என்றால் 25 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி வீதம் 3,000 அடி கூடும். உங்கள் இன்ஜினும் இறக்கையும் 4,000 அடி உயரத் தளத்திலிருந்து கிளம்புவதாகத்தான் நினைத்துக்கொள்ளும். ஓட்ட தூரத்தை அதற்கேற்பக் கையேட்டு அட்டவணையில் பார்த்துவிட்டே ஏறுங்கள்.

பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போது

தனியாகப் போகும் நாளில் விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் சோதனை மாறாது. உள்ளேதான் இரண்டு விஷயம் மாறும். இன்ஸ்ட்ரக்டர் இருக்கையின் பெல்ட்டைப் பூட்டி இறுக்குங்கள். அவருடைய ஹெட்செட், ஒயர், மெத்தை எதுவும் அங்கே கிடக்கக்கூடாது; குலுங்கலில் நழுவி வலது பக்க கன்ட்ரோலிலோ ரட்டர் பெடலிலோ சிக்கினால் எடுத்துவிட ஆள் இல்லை. அடுத்தது வலது கதவு. வழக்கமாக அதைச் சாத்துவது அவர்தான், உங்கள் கைக்கு அந்தப் பழக்கமே இருக்காது. எழுந்து போய்ச் சாத்தி, உள்ளேயிருந்து தள்ளிப் பாருங்கள். அப்படியும் மேலே திறந்துகொண்டால் பெரிய சத்தம் வரும், ஆனால் விமானம் பறக்கும். எட்டிப் பிடிக்கப் பாயாமல், வேகத்தைப் பார்த்து, வழக்கமான சர்க்யூட் அடித்து இறங்குங்கள்.

அவர் இறங்கியதில் எழுபது எண்பது கிலோ குறைகிறது. விமானம் முன்னதாகவே தரையை விட்டு எழும், சர்க்யூட் உயரத்தை சீக்கிரம் எட்டிவிடும். டூயலில் பழகிய இடத்தில் லெவல் பண்ணினால் நூறு இருநூறு அடி மேலே போயிருப்பீர்கள். இறங்கும்போது அதே வேகத்தில் வந்தாலும் கொஞ்சம் அதிகமாக மிதக்கும். பலர் கவனிக்காத இன்னொன்று மெனூவரிங் வேகம், குலுங்கலில் விமானத்தின் கட்டமைப்புக்குச் சேதம் வராமலிருக்கத் தாண்டக்கூடாத வேகம். 172எஸ்-ஸில் முழு எடையான 2,550 பவுண்டில் அது 105 நாட், 2,200 பவுண்டில் 98. எடை குறையக் குறைய அந்த வேகமும் குறையும். குலுங்கலில் மெதுவாக்கும்போது டூயலில் வைத்த எண்ணையே தனியாகவும் வைக்கக் கூடாது.

செல்போனைப் பையில் போட்டு மூடுங்கள். ரீல்ஸ் எடுக்க வேண்டுமென்றால் தரையில் நின்று எடுங்கள். காக்பிட்டில் கேமராவுக்காகப் பறப்பவர் விமானத்துக்காகப் பறக்கவில்லை. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

சர்க்யூட்: அளக்கக் கற்றுக்கொள்ளும் இடம்

சலிப்பு தட்டுவதும் இங்கேதான், கற்க அதிகம் இருப்பதும் இங்கேதான். ஒரு மணி நேரத்தில், டிராஃபிக் விட்டால், ஆறு ஏழு சர்க்யூட் கிடைக்கும். எல்லாவற்றிலும் எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்த்தால் ஒன்றும் சரியாகாது.

மூன்று எண்களை மட்டும் பிடியுங்கள். ஃபைனலில் வேகம், தரையைத் தொட்ட இடம், சென்டர்லைனிலிருந்து விலகல். முதல் சார்ட்டிகளில் வேகம் மட்டும். கையேடு சாதாரண இறக்கத்துக்கு ஃப்ளாப்புடன் (இறக்கையின் பின்விளிம்புத் தகட்டை இறக்கி) 60 முதல் 70 நாட் என்கிறது. நடுவில் 65-ஐப் பிடித்துப் பழகுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், வேகம் பத்து சதவீதம் கூடினால் விமானம் சுமக்கும் ஆற்றல் 21 சதவீதம் கூடும். அந்த மிச்சமெல்லாம் ஓடுதளத்தின் மேல் மிதப்பாகத்தான் செலவாகும். லேண்டிங் மோசம் என்று புலம்புகிற மாணவரின் கோளாறு பெரும்பாலும் ஃபிளேரில் (தொடுமுன் மூக்கைத் தூக்குவதில்) இருப்பதில்லை, அதற்கு அரை மைல் முன்னால் இருக்கிறது.

வேகம் வசப்பட்டபின் தொடும் இடம். எங்கே தொட வேண்டும் என்பதை டவுன்விண்டிலேயே (ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும்போதே) முடிவு செய்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். அளக்க அடிக்குச்சி ஓடுதளத்திலேயே இருக்கிறது. நடுக்கோட்டில் ஒரு வெள்ளைப் பட்டையும் அடுத்த இடைவெளியும் சேர்ந்தால் 50 முதல் 75 மீட்டர். சொன்ன இடத்தைத் தாண்டி இரண்டு பட்டை போய்த் தொட்டால், நூறு மீட்டருக்குக் குறையாமல் தவறியிருக்கிறீர்கள். 'கொஞ்சம் லாங்' என்று இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்வதைவிட 'இரண்டு பட்டை லாங், ஃபைனலில் 71' என்று சொன்னால் அவர் காரணத்தை அங்கேயே பிடித்துவிடுவார்.

எண்களைக் காற்றில் எழுதாதீர்கள். ஃபுல் ஸ்டாப் செய்து, ஓடுதளத்தைக் காலிசெய்து, ஹோல்டிங் பாயின்டில் பிரேக் போட்டு நிற்கும்போது எழுதுங்கள். டச்-அண்ட்-கோவில் (தொட்டதும் நிற்காமல் மறுபடி ஏறுவதில்) சுற்று எண்ணிக்கை கூடும் என்பது உண்மை. ஆனால் தனியாக இருக்கும் மாணவருக்கு ஃபுல் ஸ்டாப்தான் லாபம் என்பேன்: யோசிக்க இரண்டு நிமிடம் கிடைக்கிறது, ஓடுகிற ஓட்டத்தில் ஃப்ளாப்பைத் தேடும் அவசரமும் இல்லை.

ஒவ்வொரு சர்க்யூட் சார்ட்டியிலும் ஒரு கோ-அரவுண்டை (இறங்காமல் மறுபடி மேலே போவதை) வேண்டுமென்றே வையுங்கள். டவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழு த்ராட்டில், ஃப்ளாப் உடனே 20-க்கு, 60 நாட், தடைகளைத் தாண்டும்வரை 10, பிறகு ஏற்றுவது. தேவையில்லாதபோது செய்து பழகியவர்தான் தேவைப்படும்போது தயங்காமல் செய்வார். முன்னூறு அடியில் வேகமோ, கோடோ, இறங்கும் வீதமோ நிலைப்படவில்லை என்றால் விவாதமே வேண்டாம், மேலே போங்கள். கோ-அரவுண்ட் செய்தவரைப் பார்த்துச் சிரிக்கும் கிளப்பில் சிரிப்பவர்கள்தான் இன்னும் கற்கவில்லை.

பயிற்சிப் பகுதியில்

வானத்தில் இடம் நிறைய இருக்கும்போது மனம் உலாவத் தொடங்கும். சும்மா வேடிக்கை பார்த்து ஒரு மணி நேரத்தைக் கரைப்பதும் இங்கேதான். அதைத் தடுக்க ஓர் அளவுகோல் வேண்டும். அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ, தனியார் பைலட் தேர்வில் ஸ்டீப் டர்னுக்கு (அதிகம் சாய்ந்து திரும்புவதற்கு) வைத்திருக்கும் அளவுகள் எளிமையானவை: உயரம் 100 அடிக்குள், வேகம் 10 நாட்டுக்குள், சாய்வு 5 டிகிரிக்குள், வெளியே வரும் திசை 10 டிகிரிக்குள். 45 டிகிரி சாய்வில் வலம் ஒன்று, இடம் ஒன்று செய்து நான்கையும் கவனியுங்கள். நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் வலத் திருப்பத்தில் மூக்கு தொடுவானத்தோடு நிற்கும் இடம் வேறு மாதிரி தெரியும். பலர் வலத்தில் உயரம் ஏறிவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். 45 டிகிரியில் பாரம் 1.41 மடங்கு, ஸ்டால் வேகம் 19 சதவீதம் மேலே போகும் என்பதையும் மனதில் வையுங்கள். திரும்புவதற்கு முன் சுற்றிலும் பார்த்தாயிற்றா என்று கேட்க யாரும் இல்லை.

இன்ஜின் நிற்பதைத் தனியாகச் செய்து பார்க்கக்கூடாது என்றேன். ஆனால் அதில் பாதி மூளை வேலைதான், அதைத் தாராளமாகப் பழகலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேளுங்கள்: இப்போது நின்றால் எங்கே? 172 காற்றில்லாத வானில் ஆயிரம் அடிக்குச் சுமார் ஒன்றரை நாட்டிக்கல் மைல் சறுக்கும், வேகம் 68 நாட். தரையிலிருந்து 3,000 அடியில் இருந்தால் நாலரை மைல் வட்டம் கையில் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் கண்ணை ஓட்டுங்கள். நாற்று நட்ட வயலில் தண்ணீர் நிற்கும், சக்கரம் புதையும். அறுவடை முடிந்த தாள் வயல் நல்லது, வரப்பு குறுக்கே வராத திசையில். தென்னந்தோப்பு மேலிருந்து பச்சைக் கம்பளமாகத் தெரியும், நம்பாதீர்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளும் அவற்றை இணைக்கும் மின்கம்பிகளும் உண்டு. காற்றாலைக்கு ஒரு நல்ல குணம், காற்று எந்தப் பக்கம் என்று அதுவே முகம் திருப்பிக் காட்டிவிடும்.

கிராஸ்-கன்ட்ரி: தனியாக முடிவெடுக்கும் இடம்

முதலில் 300 மைல் பொறி. சேலம், கோவை, மதுரை, மறுபடி சேலம் என்று ஒரு முக்கோணம் போடுங்கள். பார்க்கப் பெரிய பயணம். நேர்கோட்டில் சேலம்–கோவை 75 நாட்டிக்கல் மைல், கோவை–மதுரை 95, மதுரை–சேலம் 117. கூட்டினால் 287. இரண்டு வேறு தளங்களில் இறங்கியும் கணக்கில் 13 மைல் குறைகிறது, அந்தப் பயணம் 300-க்குச் சேராது. கிளம்புமுன் சார்ட்டில் அளந்து, கூட்டி, இன்ஸ்ட்ரக்டரிடம் காட்டிவிட்டே போங்கள்.

அந்த முக்கோணத்தின் முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து கோவைக்கு நிஜ வடக்கிலிருந்து சுமார் 233 டிகிரி. முப்பது மைல் போனதும் பவானி கூடுதுறை, காவிரியும் பவானியும் சேரும் இடம், உங்கள் கோட்டுக்கு இடப்பக்கம் சுமார் 3 மைலில் தெரிய வேண்டும். ஜூலை மாதம், மேலைக்காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளுகிறது. கீழே பார்த்தால் கூடுதுறை இடப்பக்கம் இல்லை, நேராக மூக்குக்கு அடியில் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் 3 மைல் இடப்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறீர்கள். அறுபதுக்கு ஒன்று விதிப்படி (60 மைலில் 1 மைல் விலகினால் சுமார் 1 டிகிரி பிழை), 30 மைலில் 3 மைல் விலகல் என்றால் 6 டிகிரி பிழை. மீதி 45 மைலில் அந்த 3 மைலை மீட்க 4 டிகிரி. ஆக வலப்பக்கம் 10 டிகிரி திரும்பினால் கோவைக்கு நேர். இதை முழங்காலில் வைத்த தாளில், ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு போட வேண்டும். கிராஸ்-கன்ட்ரி சோலோவின் பயனே இந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது.

ஜிபிஎஸ் ஓடட்டும், பாதுகாப்புக்கு. ஆனால் முதல் இரண்டு செக்பாயின்ட் (வழியில் கீழே பார்த்து அடையாளம் காணும் இடம்) வரை அதன் பக்கம் திரும்பாமல், வரைபடமும் கடிகாரமும் மட்டும் வைத்துப் பறந்துவிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். செக்பாயின்ட் தேர்வில் ஒரு எச்சரிக்கை: கோடையில் தமிழ்நாட்டு ஆறுகளும் ஏரிகளும் வறண்டு சார்ட்டில் உள்ளது போலத் தெரியாது. மேட்டூர் நீர்த்தேக்கம், ரயில் பாதைகள், நான்குவழிச் சாலைகள் நம்பகமானவை. குன்றுகளும் அப்படித்தான், சேர்வராயன் 5,000 அடிக்கு மேல் என்பதால் மேகம் மூடியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மாற்றுத் தளம் எழுதி வையுங்கள். வழியில் ஒரு இடத்தில், 'இப்போது திருச்சிக்குத் திரும்ப வேண்டுமென்றால்?' என்று கேட்டு, திசை, தூரம், நேரம், எரிபொருள் நான்கையும் போட்டுப் பாருங்கள். நிஜத்தில் திரும்ப வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை எரிபொருளைக் கேஜில் மட்டும் பார்க்காமல், நேரத்தை வைத்துக் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

வழி தெரியவில்லையா? முதலில் விமானத்தை நேராகப் பறக்க விடுங்கள், பிறகு வழி, அப்புறம்தான் ரேடியோ. உயரம் ஏறினால் கண்ணுக்கும் ரேடியோவுக்கும் எட்டும் தூரம் கூடும். பிறகு கூச்சப்படாமல் கன்ட்ரோலரிடம் மாணவ பைலட், தனியாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். டவர் வேகமாகப் பேசும்போது 'ஸ்டாண்ட்பை' சொல்வதும் உங்கள் உரிமைதான்.

இறங்கிய பின்

இன்ஜின் அணைந்ததும் கேன்டீனுக்கு ஓடாதீர்கள். பத்து நிமிடம், ஒரு பக்கம். இன்றைய வேலை என்ன, எண்கள் என்ன, எந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தீர்கள், ஏன். சரியாக வந்த முடிவையும் எழுதுங்கள்; அது திறமையால் வந்ததா, அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்லட்டும். அவருக்கு நேரமில்லை என்றால் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள், நீங்கள் கட்டிய கட்டணத்தில் அதுவும் சேர்த்திதான்.

தனியாக நிறையப் பறந்தால் கெட்ட பழக்கமும் ஓசையில்லாமல் ஊறும். ரட்டரை மறப்பது, செக்லிஸ்டை மனப்பாடமாக ஒப்பிப்பது, பேஸில் (ஃபைனலுக்கு முந்தின பகுதியில்) பார்க்காமல் திரும்புவது. அவற்றைத் தானாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே பத்து சோலோ மணிக்கு ஒரு டூயல் சார்ட்டியையாவது நடுவில் செருகச் சொல்லுங்கள், பள்ளியின் சோலோ செக் எப்போது வரும் என்று காத்திருக்காமல்.

லாக்புக்கை அன்றே எழுதி, அன்றே கையெழுத்து வாங்குங்கள். பள்ளியின் பதிவேட்டு நேரமும் உங்கள் நேரமும் ஐந்து நிமிடம் வேறுபட்டாலும் உரிம விண்ணப்பத்தில் கேள்வி வரும்.

கடைசியாக, மணிகளை வேகமாகத் தீர்த்துவிட நினைப்பவர்களுக்கு. அந்த நூறு பைலட்-இன்-கமாண்ட் மணிகளில் 15 மணி, விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். பறத்தலை முடித்துவிட்டு டிஜிசிஏ எழுத்துத் தேர்வு ஒன்றில் தேங்கி நிற்பவர்கள் இந்த இடத்தில்தான் மறுபடி பணம் கட்டிப் பறக்கிறார்கள். தேர்வுகள் பாக்கி இருந்தால், எண்பத்தைந்தாவது மணியில் சோலோவை நிறுத்திவைத்து, கடைசிப் பதினைந்தைத் தேர்வு முடிவுக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று தலைமை இன்ஸ்ட்ரக்டரான சிஎஃப்ஐ-யிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.